கத்பர்ட் ரெயின் எங்கேயும் போகவில்லை

7, ப்ராஸ்பெக்ட் வரிசை,
ஈஸ்ட் கார்த், டர்ஹம் மாவட்டம்
2 செப்டம்பர் 2019

ஈஸ்ட் கார்த் கிளினிக்கின் நிர்வாகி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் காணாமல் போன ஒருவன் எழுதுகிறான். பதற வேண்டாம், உட்கார்ந்தே படிக்கலாம்.

இன்று காலை என் இன்ஹேலர் வாங்க உங்கள் கவுண்டருக்கு வந்தேன். அங்கே கெய்லி இருந்தாள். அவளைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னேன், தட்டினாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். கடைசியில் திரையைத்தான் நம்பினாள்.

"கத்பர்ட், நீங்க எங்க பட்டியல்ல இல்லையே. ஊரை விட்டுப் போயிட்டீங்கன்னு போட்டிருக்கு."

"எங்கடி போனேன்?"

"அது போடல."

அம்மணி, பிறந்ததிலிருந்து இந்த ஊரை விட்டு நான் அதிகம் போன தூரம் பூமிக்கு அடியில்தான். முப்பது வருஷம் இந்த ஊருக்குக் கீழே படுத்துக்கொண்டு கரி வெட்டினேன். அப்படிப் பார்த்தால் மற்றவர்கள் எல்லாரும் மேலோட்டமாகத்தான் இங்கே வசிக்கிறார்கள், நான் ஆழமாக வசித்தவன். அந்தக் கரியில் பாதி இன்னும் என் நெஞ்சில்தான் இருக்கிறது. அதை வெளியில் விடாமலும் உள்ளே அடைக்காமலும் டாக்டர் அயர்டேல் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை நடத்தி வருகிறார். என் நெஞ்சின் மொழி அவருக்குத்தான் தெரியும். இன்ஹேலரில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. குலுக்கினால் காலி டப்பா சத்தம் வருகிறது.

நான் எங்கே போனேன் என்று உங்கள் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்கள். நல்ல இடமாக இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இல்லையென்றால் என்னைத் திரும்பச் சேருங்கள்.

போகாத,
கத்பர்ட் ரெயின்


ஈஸ்ட் கார்த் கிளினிக்
4 செப்டம்பர் 2019

மதிப்பிற்குரிய திரு. ரெயின்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களிடம் மின்னஞ்சல் இல்லையென்று தெரிவதால் தபாலிலேயே பதில் எழுதுகிறேன். நான் ஜூன் மாதம்தான் இங்கே பொறுப்பேற்றேன். முன்பு தெற்கே போர்ன்மத்தில் இருந்தேன். அதனால் தங்களை நேரில் அறியும் வாய்ப்பு இல்லை.

நடந்தது இதுதான். நுரையீரல் சோதனைக்கு வரும்படி தங்களுக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினோம். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது பிரிக்கப்படாமல், "இவர் இங்கே வசிப்பதில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆகவே "இன்னும் இதே முகவரியில்தான் வசிக்கிறீர்களா?" என்று விதிப்படி ஒரு விசாரணைக் கடிதம் அனுப்பினோம். அதுவும் திரும்பியது. அதில் "இல்லை. ஹாக் பேங்க் தோட்டத்தில் போய்ப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது.

ஹாக் பேங்க் என்கிற மேடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் கிளினிக்கின் எல்லை ஓடையோடு முடிகிறது. எல்லைக்கு வெளியே குடிபோனவரைப் பட்டியலில் வைத்திருக்க எங்களுக்கு அனுமதியில்லை. ஸ்டான்பெக் கிளினிக்கில் தாங்கள் பதிவுசெய்துகொள்ளலாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்று கெய்லி சொல்கிறாள்.

தங்கள் உண்மையுள்ள,
பிலிப்பா லிட்கேட், நிர்வாகி


ஷெட், ஹாக் பேங்க் தோட்டம்
(அதாவது 7, ப்ராஸ்பெக்ட் வரிசை!)
5 செப்டம்பர் 2019

அம்மணி லிட்கேட்,

துரோகி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கட்டிய மனைவி. பெயர் நோரீன்.

தபால்காரர் ஷெட்டுக்கே கொண்டுவந்த உங்கள் கடிதத்தைப் படித்ததும் படைத்தளபதி மாதிரி மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் மூச்சு வாங்கியதால் தளபதி சற்று நேரம் சுவரில் உட்கார்ந்திருந்தார். அது வேறு விஷயம். நோரீன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் இங்க வசிக்கலன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஏன்டி?"

"வசிக்கறியா என்ன?"

அதற்குமேல் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் தெற்கத்திக்காரர். அங்கே மனிதர்கள் எதற்காக வாழ்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே லீக்குக்காக வாழ்கிறோம். வெங்காயத்தின் பெரியண்ணன், வெள்ளைத் தண்டும் பச்சை இலையுமாக வளரும் காய். கடையில் விற்கிற நோஞ்சான் லீக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதை நாங்கள் லீக் என்று சொல்வதில்லை, புல் என்போம். என் குழியில் நிற்கிற மூன்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். தண்டு ஒவ்வொன்றும் என் தொடைப் பருமன். இலையை விரித்தால் கீழே ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கலாம். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை எங்கள் சங்கக் கட்டடத்தில் லீக் கண்காட்சி. மூன்றும் ஒரே அச்சாக இருக்க வேண்டும், அதற்குத்தான் பரிசு.

அதுவரை ஆபத்து என்னவென்றால் கத்தி. பொறாமை பிடித்த எவனாவது வேலி தாண்டி வந்து தண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் வருஷம் முழுக்கப் பட்ட பாடும் போச்சு. போன வருஷம் நார்மன் டூலிப்புக்கு அப்படித்தான் ஆயிற்று. அவன் ஈஸ்டர் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. அதனால் ஆகஸ்ட் வந்தால் நாங்கள் எல்லாரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஷெட்டுக்குப் போய்விடுவோம். என் அப்பாவும் போனார், அவர் அப்பாவும் போனார். எந்த டாக்டரும் அவர்களை நீக்கவில்லை.

இது குடியேற்றம் இல்லை அம்மணி, காவல். அரண்மனை வாசலில் நிற்கிற சிப்பாயின் வீட்டு முகவரி அரண்மனையா?

பட்டியலில் திரும்பச் சேர்க்கவும்.

காவல் பணியில்,
கத்பர்ட் ரெயின்


ஈஸ்ட் கார்த் கிளினிக்
9 செப்டம்பர் 2019

அன்புள்ள திரு. ரெயின்,

தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு காய்கறிக்குக் காவல் எதற்கு என்று கெய்லியைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

தங்கள் கூற்றை நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்துப் பட்டியலைத் திருத்த முடியாது. வீட்டில் இருப்பவர் எழுத்துமூலமாக மறுத்திருக்கிறார். அவரே "இவர் இங்கேதான் வசிக்கிறார்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் அன்றே சேர்த்துவிடுவேன். அது இயலாவிட்டால் மேலிடத்தில் முறையிடலாம். பதில் வர இரண்டு மாதம் ஆகும்.

இதற்கிடையில் அவசரத் தேவைக்கென்று ஓர் இன்ஹேலருக்கு ஏற்பாடு செய்து மருந்துக்கடையில் வைத்திருக்கிறேன். பட்டியலில் இல்லாதவருக்கு ஒரு முறைதான் அப்படித் தர முடியும். இரண்டாம் தேதி கவுண்டரில் தாங்கள் ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நின்றதாகக் கெய்லி சொல்கிறாள். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பிலிப்பா லிட்கேட்


ஷெட், ஹாக் பேங்க்
11 செப்டம்பர் 2019

அம்மணி லிட்கேட்,

இன்ஹேலர் வாங்கிக்கொண்டேன். எதிரியிடமிருந்து இப்படி ஒரு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. போர் முடிந்தபின் நன்றி சொல்கிறேன்.

நோரீனிடம் காகிதமும் பேனாவும் கொண்டுபோனேன். முழந்தாளிடவில்லை, ஆனால் குரலில் முழந்தாளிட்டேன்.

"ஒரு கையெழுத்து, நோரீன். ஒரே வரி."

"பொய் எழுத மாட்டேன்."

"இது என் வீடுடி!"

"அப்போ வந்து படு. காலைல கையெழுத்து போடறேன்."

"இருபத்தொன்னாம் தேதி வரைக்கும் எப்படி வர முடியும்?"

"அப்போ இருபத்திரெண்டாம் தேதி போடறேன். அதுவரைக்கும் உயிரோட இருந்தா."

கதவைச் சாத்திவிட்டாள். என் கதவு. நானே பச்சை வர்ணம் அடித்தது.

ஆக, என் நெஞ்சா என் லீக்கா என்று இரண்டு பெண்கள் சேர்ந்து என்னைக் கேட்கிறீர்கள். எந்த மனிதனையும் இப்படிக் கேட்கக்கூடாது.

ஆனால் ஒரு மலை மனிதனை மூலையில் நெருக்கக்கூடாது அம்மணி. அவனுக்கு யோசனை வரும். ஹாக் பேங்கில் நான் ஒருவனா படுத்திருக்கிறேன்? வேலி நீளத்துக்கு ஷெட்டுகள், ஒவ்வொன்றிலும் கட்டில், ஒவ்வொரு கட்டிலிலும் உங்கள் நோயாளி! நான் குடிபோனவன் என்றால் அவர்களும் குடிபோனவர்களே. அவர்களை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

செப்டம்பர் மாதத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. யார் கையில் கத்தி என்று யாருக்குத் தெரியும்? அடுத்த ஷெட்டில் தீப்பிடித்தால்கூடச் சைகைதான். ஆனால் நேற்று, இந்தத் தோட்டத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் குச்சியில் கட்டிக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போனேன். நார்மன் டூலிப் வாயைத் திறந்து பேசினான். "உன்னைத் தூக்கினவங்க நாளைக்கு என்னையும் தூக்குவாங்க" என்றான். வேதவாக்கு!

வெள்ளிக்கிழமை காலை உங்கள் கவுண்டரில் சந்திப்போம்.

மேலும் ஒரு செய்தி. வேலியின் கடைசி மூலையில் பச்சைத் தார்ப்பாய் போட்ட ஷெட், அங்கே மட்டும் நான் கைக்குட்டையோடு போகவில்லை. அதில் ஆகஸ்டிலிருந்து படுத்திருக்கிற ஆள் யார் என்று உங்கள் டாக்டர் அயர்டேலைக் கேளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெல்லப்படாத,
கத்பர்ட் ரெயின்


ஈஸ்ட் கார்த் கிளினிக்
13 செப்டம்பர் 2019

அன்புள்ள திரு. ரெயின்,

இன்று காலை கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு வரிசை நின்றது. எல்லாரும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எல்லார் காலிலும் ஒரே சேறு. தாங்கள் வரிசையின் கடைசியில், கையில் கைக்குட்டைக் கொடியோடு, அப்பாவி போல் நின்றதை நான் பார்த்தேன்.

முதலில் வந்த பெரியவர் என் முன்னால் தொப்பியைக் கழற்றினார். "என் பேரை அடிச்சுடு கண்ணு. நான் தோட்டத்துல குடியிருக்கேன்."

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நோய். அடுத்த வாரம் உங்களுக்கு நேரம் குறிச்சிருக்கு."

"தெரியும் கண்ணு. விதின்னா விதி. அடி."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கெய்லி கவுண்டருக்குக் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பேனா விழுந்துவிட்டதாகச் சொன்னாள். போன் ஓயாமல் அடித்தது. ஒருவர் கணுக்கால் அளவுக்குச் சேற்றை என் கம்பளத்தில் விட்டுவிட்டு, "இதுதான் என் புது முகவரி" என்று காட்டினார்.

நான் டாக்டர் அயர்டேலின் அறைக்குப் போனேன். தங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே கேட்டேன். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"பிலிப்பா, அது கண்காட்சி வரைக்குந்தான்."

"எது, டாக்டர்?"

"நான் ஷெட்ல படுக்கறது."

"அப்போ நம்ம விதிப்படி, நீங்க உங்க கிளினிக் எல்லையிலயே இல்ல."

காது வரை சிவந்துவிட்டார். தங்களை நீக்கியது அவருக்கு இன்றுதான் தெரியும். ஒரே வேலிக்குள் படுத்திருந்தும் இந்த மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நான் இன்னும் நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

பிறகு விதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "வழக்கமாக வசிக்கும் இடம்" என்றுதான் அதில் இருக்கிறது. மீன்பிடிக்கப் போனவன் கடலில் வசிப்பதாக யாரும் சொல்வதில்லை. நான் "எங்கே படுக்கிறார்" என்று கேட்டேன். "எங்கே திரும்புவார்" என்று கேட்டிருக்க வேண்டும். தவறு எங்களுடையது. இன்று மதியம் முதல் தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. நீக்கம் நடக்காதது போலவே ரத்து செய்யப்பட்டது. மனைவியின் கையொப்பம் தேவையில்லை.

இங்கே கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் மாலையில் ப்ராஸ்பெக்ட் வரிசைக்குப் போய்த் தங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்தார்.

"முதல் கடிதத்தை நானே மேல கொண்டுபோய்க் கொடுத்தேன்மா. அதை மடிச்சு ஜன்னல் ஆடாம இருக்கச் சொருகினான். அவன் ராத்திரியெல்லாம் இருமறது ஓடைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. நான் சொன்னா கேக்க மாட்டான். இங்க இல்லன்னு எழுதினா, கிளினிக்லேர்ந்து யாராவது தேடிக்கிட்டு மேல போவாங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா அடிச்சே போட்டுட்டீங்க."

நாங்கள் யாரும் தேடிக்கொண்டு மேலே வரவில்லை, திரு. ரெயின். அதை நான் சுலபமாக மறக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை நுரையீரல் சோதனைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இது நிபந்தனை இல்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் பட்டியலில் இருப்பீர்கள். வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
பிலிப்பா லிட்கேட்


ஷெட், ஹாக் பேங்க்
16 செப்டம்பர் 2019

அன்புள்ள அம்மணி லிட்கேட்,

வெற்றி! வெற்றி! சங்கக் கட்டடத்தில் உங்கள் கடிதத்தை மேஜைமேல் ஏறி நின்று வாசித்தேன். "நடக்காதது போலவே ரத்து" என்ற இடத்தில் நார்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சளி என்றான். இந்த மாவட்டத்தில் சுரங்க முதலாளிகளுக்குப் பிறகு இத்தனை பெரிய சக்தி மண்டியிட்டதில்லை. மீன்பிடிக்கப் போனவன் என்று எழுதினீர்களே, அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள்.

கடைசிப் பகுதியை அவர்களுக்கு வாசிக்கவில்லை. அதை ஷெட்டில் தனியாகப் படித்தேன். ஜன்னலில் சொருகிய காகிதத்தை உருவிப் பார்த்தேன். ஈரத்தில் எழுத்தெல்லாம் ஊறிப்போயிருந்தது. ஜன்னல் இப்போது ஆடுகிறது.

வியாழக்கிழமை என்கிறீர்கள். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால். கத்திக்காரன் காத்திருப்பதே அந்த நாளுக்குத்தான். காலை முழுவதும் குழியை அனாதையாக விட்டுவிட்டு எப்படி வர? மற்றவர்களைக் காவல் வைக்கலாம் என்றால், என் லீக்கைக் கீற அதிகக் காரணம் உள்ளவர்களே அவர்கள்தானே.

நேற்று சாயங்காலம் நோரீன் மேலே வந்தாள். இந்தக் கோடையில் இரண்டாவது முறை. ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை, அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. லீக்குகளைச் சுற்றி வந்தாள்.

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

"சரி, நல்லாத்தான் இருக்கு." ஒரு இலையை ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வியாழக்கிழமை நீ போ. நான் உக்காந்துக்கறேன்."

"ஒருத்தன் கத்தியோட வந்தா?"

"வரட்டும்," என்றாள். அடுப்பு கிளறுகிற இரும்புக் கம்பியைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அம்மணி, அந்தக் கத்திக்காரனுக்காக நான் இரக்கப்படுகிறேன்.

வருகிறேன்.

கத்பர்ட் ரெயின்


7, ப்ராஸ்பெக்ட் வரிசை
22 செப்டம்பர் 2019

அன்புள்ள பிலிப்பா,

இனி அம்மணி கிடையாது. நேற்று கண்காட்சியில் என் உபரி லீக்கில் செய்த சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தவரை அம்மணி என்று அழைக்க என் நாக்கு மறுக்கிறது.

நீங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் நடுவரின் தீர்ப்பைக் கேட்கவில்லை. அளவுகோலை வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வைத்தார். அளவுகோல் தவறு என்று நினைத்து இன்னொன்று கேட்டார். முதல் பரிசு எனக்கு! இரண்டாவது நார்மன். மூன்றாவது டாக்டர் அயர்டேல். என்னைப் பட்டியலிலிருந்து நீக்கியது போட்டியைக் குறைக்கத்தான் என்று சங்கத்தில் இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. யார் கிளப்பியது என்று தெரியவில்லை. நான் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். பரிசாகத் துணி உலர்த்தும் மெஷின் வந்தது. நோரீன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நிற்கிறாள்.

வியாழக்கிழமை அவள் என் குழியோடு டாக்டரின் குழியையும் சேர்த்துக் காத்தாளாம். தபால்காரர் வேலியோரமாகக் குறுக்கே நடந்தார் என்பதற்காக அவரை விசாரித்திருக்கிறாள். அவர் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

டாக்டர் நெஞ்சைப் பற்றிச் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன். மூச்சை அளக்கிற குழாயில் ஊதினேன். எங்கள் சுரங்க இசைக்குழுவின் பித்தளை வாத்தியங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊதுவது போல ஊதினேன். டாக்டர் முள்ளைப் பார்த்தார். "கத்பர்ட், போன தடவையைவிட மோசம்தான். ஆனா கையைவிட்டுப் போகல. ஈர ஷெட் வேண்டாம். புது மருந்து தர்றேன், ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் குழிக்கு என்ன உரம் போட்ட?" என்றார். சொல்லவில்லை. மருத்துவருக்குச் சொல்ல வேண்டியவை உண்டு, சொல்லக் கூடாதவையும் உண்டு.

அடுத்த ஆகஸ்டுக்கு நோரீனும் நானும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். பகலில் நான், ராத்திரியில் முறை வைத்து ஆட்கள். நார்மன் சம்மதித்துவிட்டான். செப்டம்பரில் பேசலாம் என்றும் தீர்மானம் போட்டாயிற்று. இரண்டு எதிர்ப்பு வாக்கு மட்டும். நான் நேற்றிலிருந்து வீட்டில்தான் படுக்கிறேன்.

இதெல்லாம் சின்ன வெற்றி. பெரிய வெற்றி எது தெரியுமா?

வியாழக்கிழமை காலை உங்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருமுகிற ஒரு குழந்தை, பக்கத்தில் கால் கட்டுப் போட்ட ஆள், சுவரில் சளிக்காய்ச்சல் ஊசி விளம்பரம். டாக்டர் வழக்கம்போலத் தாமதம். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்து முனகினார்கள். நான் முனகவில்லை. என் வாழ்க்கையில் இத்தனை ஆனந்தமாக நான் காத்திருந்ததே இல்லை. என் முறை என்று ஒன்று இருந்தது, பிலிப்பா. அது வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கெய்லி கதவைத் திறந்தாள். அறை முழுக்கக் கேட்கும்படி, "கத்பர்ட் ரெயின்!" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"கத்பர்ட், உங்களைத்தான்! காது கேக்கலையா?"

நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பட்டியலில் உள்ள,
கத்பர்ட்